ஏழு மில்லிமீட்டர் எங்கே போனது? உருண்டைக்குப் படம் அச்சிடும் கணக்கு

20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் உருண்டைமேல் நிலாவின் படத்தை ஒட்டி, கையில் வைத்துச் சுற்றிப் பார்க்கிற மாதிரி ஒரு நிலா செய்ய வேண்டும் என்று இறங்கினேன். கணினியில் ஒரு கோளத்தை வரைந்து, துருவத்திலிருந்து துருவம் வரை 12 கீற்றுகளாகப் பிரித்து, தட்டையாக விரித்து, அச்செடுத்து, வெட்டி, ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்தேன். பதினொன்று வரை பாந்தமாக உட்கார்ந்தன. பன்னிரண்டாவதை ஒட்டி முடித்தபோது, அதற்கும் முதல் கீற்றுக்கும் இடையே, இரண்டு துருவத்துக்கும் சரிபாதியில் உருண்டையைச் சுற்றி ஓடுகிற நடுக்கோட்டில், 7 மில்லிமீட்டர் வெள்ளையாகத் தெரிந்தது. கேட்பதற்குச் சின்ன அளவுதான். ஆனால் அந்த உருண்டையில் 1 மில்லிமீட்டர் என்பது நிலாவில் 17 கிலோமீட்டருக்கும் மேல். அப்படியானால் என் நிலாவில் 120 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரையே இல்லை. டைக்கோ என்ற பெரிய பள்ளத்தின் விட்டமே ஏறத்தாழ 85 கிலோமீட்டர்தான்.

வெட்டியதில் தப்பு இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அளந்து பார்த்தால் ஒவ்வொரு கீற்றும் ஒரே மாதிரி, அரை மில்லிமீட்டர் சொச்சம் குறுகலாக இருந்தது. வெட்டுவதில் இத்தனை ஒழுங்காகத் தப்பு வராது. குறை வரைபடத்திலேயே இருந்தது. ஏன் என்று தேடப் போய்ப் புரிந்துகொண்டது இதுதான்: உருண்டையைத் தட்டையாக்கினால் பிழை வந்தே தீரும், அதன் மொத்த அளவுகூட முன்கூட்டியே முடிவானது, அதை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, அதை நாம் தீர்மானிக்காமல் விட்டால் மென்பொருள் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்துவிடும்.

ஏன் பிழை வந்தே தீரும் என்பதை ஒரு கணக்கோடு பார்ப்போம். இதே 20 செ.மீ. உருண்டையின் உச்சியில் ஒரு வட்டக் காகிதத்தின் மையத்தை வைத்து, நடுக்கோடு வரை போர்த்தப் போகிறோம். உச்சியிலிருந்து நடுக்கோட்டுக்கு உருண்டையின்மேல் தூரம் 157 மி.மீ. அதனால் காகித வட்டத்தின் ஆரமும் 157. அப்படி ஒரு வட்டத்தின் சுற்றளவு 987 மி.மீ. ஆனால் உருண்டையின் நடுக்கோட்டுச் சுற்றளவு வெறும் 628. மிச்சம் 359 மி.மீ. காகிதம் எங்கே போகும்? மடிப்பாகத்தான் போகும். ஓரத்தில் சுருக்கம் சுருக்கமாக எழுந்து நிற்கிறதே, அது நம் கைத்திறமைக் குறைவால் வருவதில்லை, அந்த 359 மில்லிமீட்டர்தான் அது.

உருளைக்கும் கூம்புக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. ஒரு டப்பாவைச் சுற்றி லேபிள் ஒட்டுகிறோம், கூம்புத் தொப்பியைக் காகிதத்தில் சுருட்டுகிறோம், ஒரு சுருக்கமும் வருவதில்லை. காரணம், அந்தப் பரப்புகளில் எந்தப் புள்ளியிலும் ஏதாவது ஒரு திசையில் நேர்கோடு இருக்கும், ஸ்கேலை வைத்தால் படியும். கோளத்தில் எங்கே வைத்தாலும் ஸ்கேல் ஆடும், எல்லாத் திசையிலும் வளைவு. ஒரு பரப்பை இழுக்காமல், சுருக்காமல், வெறுமனே வளைக்க மட்டும் செய்தால் அதன் உள்வளைவு மாறவே மாறாது என்று கார்ல் ஃபிரெடரிக் காஸ் 1827இல் நிறுவினார். இரண்டு குறுக்குத் திசை வளைவுகளைப் பெருக்கினால் வருவது அந்த உள்வளைவு. காகிதத்துக்கு அது சுழியம், உருளைக்கும் கூம்புக்கும் சுழியம், கோளத்துக்குச் சுழியம் இல்லை. சுழியத்திலிருந்து சுழியம் அல்லாததற்குப் போக வேண்டுமென்றால் எங்கேயாவது இழுத்தாக வேண்டும், அல்லது வெட்டியாக வேண்டும். அந்தத் தேற்றத்துக்கு அவரே லத்தீனில் வைத்த பெயரின் பொருள் 'தனிச்சிறப்பான தேற்றம்'. இரண்டு நூற்றாண்டு கழித்து ஒரு பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் மிகையாகப் படவில்லை.

வெட்டுவது என்பது தையல் தெரிந்தவர்களுக்குப் பழகின வேலை. தட்டையான துணியை உடம்பின் வளைவுக்குக் கொண்டுவர 'டார்ட்' பிடிப்பார்கள், கூடுதலாக இருக்கிற துணியை ஒரு முக்கோணமாக மடித்துத் தைத்துவிடுவார்கள். நம் வட்டக் காகிதத்திலும் அதையே செய்யலாம். கூடுதலாக இருக்கும் 359 மில்லிமீட்டரை ஓரத்தில் 12 இடங்களில், ஒவ்வொன்றும் 30 மி.மீ. அகலமான ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துவிட்டால், மிஞ்சுவது 12 இதழுள்ள ஒரு பூ. இரண்டு பூக்களை நடுக்கோட்டில் சேர்த்தால் கோளம். இந்தப் பூவை உச்சியில் சேர்த்தே வைக்கலாம், அல்லது இதழ்களைத் தனித்தனியாகப் பிரித்து, மேல் இதழையும் கீழ் இதழையும் ஒட்டி, படகு மாதிரி இருமுனைக் கீற்றுகளாகவும் வைக்கலாம். அச்சிட்ட பூமி உருண்டைகள் ஐந்நூறு ஆண்டுகளாக இந்தக் கீற்று வழியில்தான் வந்திருக்கின்றன. 1507இல் மார்ட்டின் வால்ட்ஸேமுல்லர் ஒரே தாளில் 12 கீற்றுகளாக மரக்கட்டையில் அச்சிட்ட உலகப்படம், 'அமெரிக்கா' என்ற பெயர் முதன்முதலாக அச்சேறிய படங்களில் ஒன்று. அதில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை உருண்டைமேல் ஒட்டாமல் விட்ட தாள்கள்.

சரி, 12 போதுமா, 6 போதுமா, 24 வேண்டுமா? ஒரு கீற்றின் நட்டநடுவே மேலிருந்து கீழே போகிற கோடும் அதன் ஓரமும் உருண்டையில் ஒரே நீளம், இரண்டுமே துருவத்திலிருந்து துருவத்துக்குப் போகிற அரைவட்டம், நம் உருண்டையில் 314 மி.மீ. ஆனால் காகிதத்தில் நடு நேராகப் போகிறது, ஓரம் வளைந்து போகிறது, அதனால் ஓரம் நீளம். ஆறு கீற்றாகப் போட்டால் ஓரம் 20 மி.மீ. அதிகம். பன்னிரண்டு போட்டால் 5 மி.மீ. அதிகம். இருபத்து நான்கு போட்டால் 1.3 மி.மீ.தான் அதிகம். கீற்றின் எண்ணிக்கையை இரட்டித்தால் இந்த உபரி ஏறக்குறைய நாலில் ஒன்றாகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீற்றும் கீற்றும் சேருகிற ஒட்டுவாயின் மொத்த நீளம் 12இல் மூன்றே முக்கால் மீட்டர், 24இல் ஏழரை மீட்டர். ஏழரை மீட்டர் நீளத்துக்குப் படம் பொருந்த வேண்டும், கத்தி பிசகக் கூடாது, பசை வழியக் கூடாது. சுருக்கத்தைக் குறைக்கப் போய் ஒட்டுவாயை வாங்கிக்கொள்கிறோம்.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு கணக்கு வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் ரெனே தேகார்த் கண்டது: ஒரு கனசதுரத்தின் மூலையில் மூன்று செங்கோணங்கள் சேருகின்றன, 270 பாகை, முழு வட்டத்துக்கு 90 குறைவு. எட்டு மூலைக்கும் சேர்த்தால் குறை 720 பாகை. 20 முக்கோணங்களால் ஆன இருபது முகத்தியை எடுத்தால் ஒவ்வொரு மூலையிலும் ஐந்து முக்கோணம், 300 பாகை, குறை 60, மூலைகள் 12, மொத்தம் மறுபடியும் 720. 1970 உலகக் கோப்பையில் ஆடிய டெல்ஸ்டார் பந்தின் வடிவத்தில் 12 ஐங்கோணம், 20 அறுகோணம். ஒவ்வொரு மூலையிலும் குறை 12 பாகைதான், ஆனால் மூலைகள் 60, கூட்டினால் அதே 720. குழியோ துளையோ இல்லாமல் உருண்டையாக மூடுகிற எந்த வடிவத்தை எடுத்தாலும் இதே எண் வரும்.

நம் கீற்றுகளிலும் அது இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு கீற்றில் ஒவ்வொன்றின் நுனிக் கோணமும் 29.3 பாகை, பன்னிரண்டையும் சேர்த்தால் 352, ஆக ஒரு துருவத்தில் குறை 8 பாகை, இரண்டுக்கும் 16. மீதி 704 எங்கே? ஓரங்களில். ஒவ்வொரு ஓரமும் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் போவதற்குள் 29.3 பாகை திரும்புகிறது, ஆனால் உருண்டையின்மேல் அது போய்ப் படிய வேண்டிய தீர்க்கரேகை எங்கேயும் திரும்பாமல் போகிற கோடு. 24 ஓரங்கள், 24 × 29.34, எழுநூற்று நான்கு சொச்சம். கணக்கு கச்சிதமாக மூடியபோது உண்மையிலேயே எழுந்து நின்றுவிட்டேன். கீற்று ஓரங்களில் தெரிகிற நெளிவு, துருவத்தில் தெரிகிற இடைவெளி, எல்லாம் அந்த 720இன் பங்குகள்தான். எந்த வழியில் வெட்டினாலும் இந்த 720ஐ யாரும் குறைக்க முடியாது, பரப்பி வைக்க முடியும், அவ்வளவுதான்.

இப்போது என் 7 மி.மீ. கதைக்கு வருவோம். நான் கோளத்தை வரைந்தது சுற்றிலும் 12 பிரிவு, மேலிருந்து கீழே 16 வரிசை கொண்ட மெஷ்ஷாக. அந்த மெஷ் கோளம் இல்லை, தட்டையான முகங்களால் ஆன பன்முகத்தி. அதன் புள்ளிகள் மட்டுமே கோளத்தின்மேல் இருக்கும், புள்ளிகளுக்கு நடுவே இருக்கிற கோடுகள் உருண்டைக்கு உள்ளே நேராகக் குறுக்கே போகும், வில்லுக்குப் பதில் நாண் மாதிரி. ஆரம் 100 மி.மீ. என்றால் 12 நாண்களின் மொத்த நீளம் 621.2 மி.மீ. வில்லின் மொத்தம் 628.3. வித்தியாசம் 7.1. அந்த வெள்ளைக் கோடு இதுதான். நான் அச்சிட்டது கோளத்துக்குள் அடங்குகிற பன்முகத்தியின் தோல், ஒட்டப் போனது கோளத்தின்மேல்.

அப்படியென்றால் படத்தை 1.1 சதவீதம் பெரிதாக்கி அச்சிட்டால் சரியாகிவிடாதா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆகாது. மேலிருந்து கீழே 16 வரிசைகள் இருந்ததால் அந்தத் திசையில், கீற்றின் ஓரங்களில், நாணுக்கும் வில்லுக்கும் வித்தியாசம் வெறும் அரை மி.மீ., அங்கே ஏற்கனவே கிட்டத்தட்ட சரியாகவே இருக்கிறது. மொத்தமாகப் பெரிதாக்கினால் ஓரங்களின் நீளம் 3 மி.மீ. கூடி, பன்னிரண்டு நுனிகளும் துருவத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரு முடிச்சாகிவிடும். பிழை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் திருத்த வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. வில்லின் நீளம் எல்லாருக்கும் சரி என்று சொல்ல முடியாது. கெட்டி அட்டையில் கீற்றுகளை வெட்டி, உள்ளே உருண்டை எதுவும் இல்லாமல் காகிதக் கோளமாகவே நிறுத்தப் போகிறீர்கள் என்றால், அட்டை குறுக்கே வளையாது, முகம் தட்டையாகத்தான் நிற்கும், அங்கே நாண் கணக்கே சரி. உள்ளே ஒரு விளக்கோ பலூனோ இருந்து, கூடு அதைத் தொட்டும் தொடாமலும் வெளியே நிற்க வேண்டும் என்றால் தொடுகோட்டுக் கணக்கு, அதன்படி 12 பக்கத்தின் மொத்தம் 643 மி.மீ. வரும். ஆக ஒரே உருண்டைக்கு 621, 628, 643 என்று மூன்று சுற்றளவு, மூன்றும் தத்தம் இடத்தில் சரி. கோளத்தை வரைவதற்கு முன்னால் இந்த மூன்றில் நமக்கு எது வேண்டும் என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை. நான் அதைக் கடைசியில் செய்தேன்.

மென்பொருள்கள் இந்த விஷயத்தில் நமக்கு உதவுகிற அளவுக்கு நம்மைக் குழப்பவும் செய்கின்றன, ஏனென்றால் மூன்று வெவ்வேறு வேலைகளை ஏறக்குறைய ஒரே பெயரில் வைத்திருக்கின்றன. ஒன்று, சுருட்டியதை அவிழ்ப்பது. ரைனோவில் 'அன்ரோல்' என்று இருப்பது அதுதான். உருளை, கூம்பு போன்ற ஒருதிசை வளைவுப் பரப்புகளுக்கு நீளம் ஒரு இம்மியும் மாறாமல் தட்டையாக்கிக் கொடுக்கும், கோளத்துக்கு அது ஆகாது. இரண்டு, நசுக்கித் தட்டையாக்குவது. ரைனோவில் அதற்கு 'ஸ்குவிஷ்' என்று தனிக் கட்டளை இருக்கிறது, இருதிசை வளைவை எங்கே இழுத்தோம் எங்கே சுருக்கினோம் என்று கணக்குச் சொல்லி விரிக்கும். மூன்றாவது, பிளெண்டர் போன்றவற்றில் இருக்கும் யூவி விரிப்பு. இது விளையாட்டு, அனிமேஷன் உருவங்களுக்குப் படம் பூசுவதற்காக வந்தது. அதில் வழக்கமான முறைகள் கோணங்களைக் காப்பாற்றப் பார்க்கும், நீளங்களை விட்டுக்கொடுக்கும். திரையில் அது சரியான முடிவுதான், உருவத்தின்மேல் படம் திரும்பப் போர்த்தப்படும்போது எல்லாம் தன்னிடத்துக்கு வந்துவிடும். அச்சில் அது விபரீதம், ஏனென்றால் கத்தியும் பசையும் கோணத்தைப் பார்ப்பதில்லை, நீளத்தைத்தான் பார்க்கும். போதாக்குறைக்கு விரித்த துண்டுகளை ஒரு சதுரத்துக்குள் அடக்குவதற்காக அளவையே மாற்றிவிடும். யூவி விரிப்பிலிருந்து நேராக அச்சுக்குப் போகிறவர்கள் அளவுக்கென்று 100 மி.மீ. கோடு ஒன்றைப் படத்தோடு சேர்த்து அச்சிட்டு, அளந்துவிட்டு அப்புறம் வெட்டுவது நல்லது. அச்சுப்பொறி 'தாளுக்குப் பொருத்து' என்று தானாகச் சுருக்குகிற தொல்லையையும் அந்த ஒரு கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையைச் சொன்னால், முழுக் கோளத்துக்கு மாடல் வரைவதே தேவையில்லை. கோளம் அவ்வளவு ஒழுங்கான வடிவம், ஒரு சூத்திரத்தில் கீற்று வந்துவிடும். நடுக்கோட்டில் கீற்றின் அகலம் சுற்றளவில் பன்னிரண்டில் ஒன்று, 52.4 மி.மீ. அங்கிருந்து மேலே போகப் போக அந்த அட்சரேகையின் கோசைனால் பெருக்கிக்கொண்டே போனால் போதும். 60 பாகையில் பாதி, 70 பாகையில் 17.9 மி.மீ., 85 பாகையில் 4.6. மாடலும் நசுக்கலும் தேவைப்படுவது ஹெல்மெட் மாதிரி ஒழுங்கில்லாத வளைவுகளுக்கு. அங்கே ஒவ்வொரு கீற்றுக்கும் தனி உருவம் வரும், சூத்திரம் கைகொடுக்காது.

படத்தைக் கீற்றுக்குள் கொண்டுவருவதும் அதே கோசைன்தான். உருண்டைகளுக்கான படங்கள் பெரும்பாலும் உயரத்தைப் போல அகலம் இரண்டு மடங்கான நீள்சதுரமாக வரும், இடமிருந்து வலம் 360 பாகை, மேலிருந்து கீழ் 180 பாகை. நிலாவைச் சுற்றும் எல்ஆர்ஓ விண்கலம் 2009இலிருந்து எடுத்த படங்களைக் கோத்து நாசா வெளியிட்டிருக்கிற முழு நிலாப் படம் இந்த வடிவம்தான், 360 பாகைக் கேமராப் படங்களும் இந்த வடிவம்தான். இதில் துருவம் என்ற ஒற்றைப் புள்ளி, படத்தின் மேல் விளிம்பு முழுவதுமாக இழுக்கப்பட்டுக் கிடக்கிறது. இதைக் கீற்றாக்கும்போது பழைய படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் எடுத்துப் புது இடத்தில் வைக்கப் போனால் நடுவில் ஓட்டைகள் விழும். திருப்பிக் கேட்க வேண்டும்: கீற்றில் இந்த இடத்தில் இருக்கிற பிக்சல், உருண்டையில் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகை? உயரத்தை ஆரத்தால் வகுத்தால் அட்சரேகை வந்துவிட்டது. நடுவிலிருந்து பக்கவாட்டுத் தூரத்தை ஆரத்தாலும் அந்த அட்சரேகையின் கோசைனாலும் வகுத்தால், கீற்றின் நடுவிலிருந்து எவ்வளவு கோணம் என்பது வந்துவிட்டது (இரண்டும் ரேடியனில் வரும், 57.3ஆல் பெருக்கினால் பாகை). அந்த இடத்து நிறத்தை மூலப்படத்தில் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பத்துப் பதினைந்து வரி நிரலில் முடிகிற காரியம். இந்தக் கணக்கைக் கீற்றின் ஓரத்தைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் வரை போட்டுவிட்டால், பக்கத்துக் கீற்றின் படம் தானாகவே கொஞ்சம் இங்கே நீண்டு வரும், கத்தி தவறினாலும் வெள்ளை தெரியாது, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டவும் இடம் கிடைக்கும்.

தெளிவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: 20 செ.மீ. உருண்டைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்துக்கொண்டால், மூலப்படம் ஏறக்குறைய 7,400 பிக்சல் அகலம், 3,700 உயரம் இருந்தால் போதும். அதற்கு மேலிருந்தால் நல்லதுதான், ஆனால் அச்சில் தெரியாது.

துருவத்தைத் தனியாகப் பேச வேண்டும், பாதிப் பேரின் உருண்டை கெடுவது அங்கேதான். 85 பாகையில் முழுச் சுற்றளவே 55 மி.மீ. அங்கே பன்னிரண்டு நுனிகள் ஒவ்வொன்றும் அரை மி.மீ. அகலமாகிவிட்டால் மொத்தப் பிழை 6 மி.மீ., பத்தில் ஒரு பங்குக்கும் மேல். எந்தக் கையும் அதைத் தாங்காது. 1541இல் கெரார்டஸ் மெர்கேட்டர் லூவெனில் செய்த உருண்டையில் இதற்கு ஒரு வழி கண்டார்: கீற்றுகளை 70 பாகையிலேயே வெட்டி நிறுத்திவிட்டு, மேலே ஒரு வட்டத் துண்டைத் தொப்பி மாதிரி வைத்து மூடினார். அதே உத்தியை நம் உருண்டையில் அளந்தால் அவர் ஏன் 20 பாகையோடு நிறுத்தினார் என்பது விளங்குகிறது. தொப்பியின் ஆரம் 34.9 மி.மீ., தட்டையாக அதன் சுற்றளவு 219.3, உருண்டையில் அந்த இடத்தின் சுற்றளவு 214.9. உபரி 4.4 மி.மீ., அதாவது 2 சதவீதம். நனைந்த காகிதத்தைப் பொறுமையாகத் தேய்த்தால் விழுங்கிக்கொள்கிற அளவு அது. தொப்பியை இன்னும் பெரிதாக்கினால் ஓரத்தில் மடிப்பு விழும், சிறிதாக்கினால் நுனிப் பிரச்சினை திரும்பி வரும்.

காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்குகளுக்கு அர்த்தமே இல்லை. பசையில் நனைந்ததும் காகிதம் வளரும், அதுவும் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி வளராது. இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரு திசையில் படுத்திருக்கும், அவை நனைந்தால் நீளத்தில் அதிகம் நீளாது, பருத்துக்கொள்ளும். அதனால் நாருக்குக் குறுக்கே காகிதம் ஒன்றிரண்டு சதவீதம் வரை அகலமாகும். நார் எந்தத் திசை என்று தெரிய, ஒரு சின்னச் சதுரத்தை வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனைத்துப் பாருங்கள், அது குழாய் மாதிரிச் சுருளும், குழாய் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுதான் நாரின் திசை. ஒரு தாளில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சில கீற்றுகளை நிமிர்த்தியும் சிலவற்றைப் படுக்கவைத்தும் அடுக்கினால் பாதிக் கீற்று அகலத்தில் வளரும், மீதி உயரத்தில் வளரும், எதுவும் எதோடும் சேராது. என் வழக்கம், நாரை உயரவாக்கில் வைப்பது. வளர்ச்சி முழுக்க அகலத்தில் வரும், அகலத்தில் வருகிற மிச்சத்தை ஏற்றி ஒட்டி மறைக்கலாம், உயரத்தில் வருகிற மிச்சம் துருவத்தில் போய்த்தான் சேரும். ஒரு கீற்றை மட்டும் ஒட்டிக் காயவிட்டு அளந்து, எத்தனை வளர்ந்ததோ அத்தனையை மற்ற கீற்றுகளின் அகலத்தில் குறைத்து அச்சிட்டால் மற்றவை சொன்னபடி கேட்கும். மை தண்ணீரில் கரையாத மையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும் என்பார்கள், அதற்குக் காரணம் மேலே வந்த கணக்கில் இருக்கிறது. கீற்றின் ஓரத்தில்தான் 5 மி.மீ. உபரி, நடுவில் இல்லை. நடுவைக் கொஞ்சம் நீளவிட்டு, ஓரத்தைக் கொஞ்சம் சுருங்கவிட்டு, இரண்டையும் பாதி வழியில் சந்திக்க வைப்பதுதான் அந்தத் தேய்ப்பின் வேலை.

இழுபடும் பொருளாக இருந்தால் கதை வேறு. சூடு காட்டினால் நீளும் வினைல் ஸ்டிக்கருக்கு 12 கீற்று தேவையில்லை, ஆறு போதும், ஆனால் நீண்ட இடத்தில் நிறம் வெளுக்கும், சில படலங்கள் நாளாக ஆகப் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். பேஸ்பால் பந்தின் தோல் இரண்டே துண்டு, தோல் இழுபடுவதால்தான் அது முடிகிறது. டெல்ஸ்டாரில் 32 துண்டுகள் இருந்த இடத்தில் 2014 உலகக் கோப்பைப் பந்துக்கு 6 துண்டுகளே போதுமாக இருந்தன. இதைக் கடைசி வரை கொண்டுபோனால் வெட்டவே வேண்டாம் என்ற இடத்துக்கு வந்துவிடுவோம்: தட்டைப் பிளாஸ்டிக்கில் வேண்டுமென்றே கோணலாக்கிய படத்தை அச்சிட்டு, சூடாக்கி அச்சின்மேல் உறிஞ்சி இழுத்தால், இழுபடும்போது படம் நேராகிவிடும். எந்த இடம் எத்தனை இழுபடும் என்று முன்கூட்டியே கணினியில் கணக்கிட்டு அச்சிடும் முறையை சூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். தண்ணீரில் மிதக்கும் அச்சுப்படலத்தில் பொருளை அமிழ்த்தும் முறைக்கும் அதற்கு முந்தைய ஆண்டே இப்படி ஒரு கணக்கீட்டு வழி வந்துவிட்டது. அங்கேயும் 720 பாகை காணாமல் போய்விடவில்லை, ஒட்டுவாயில் இருந்தது பொருளின் நீட்சிக்குள் போயிருக்கிறது.

கடைசியாக ஒன்று, ஒட்டுவாய் எங்கே விழ வேண்டும் என்பது. இதற்கு எந்த மென்பொருளும் நம்மைக் கேட்பதில்லை, சுழியம் பாகையிலிருந்து தொடங்கி வெட்டிக்கொண்டே போகும். ஆனால் கண் எல்லாப் பிசகையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. மங்கலான சாம்பல் சமவெளியில் அரை மி.மீ. விலகினால் யாருக்கும் தெரியாது. ஒரு வட்டம் உடைந்தால், ஓர் எழுத்து வெட்டுப்பட்டால், ஒரு முகத்தின் கண் பிசகினால் தூரத்திலிருந்தே தெரியும். அதனால் படத்தில் முக்கியமானது எதுவோ அது கீற்றின் நடுவுக்கு வரும்படி கோளத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். துருவத்தைக்கூடப் படத்தின் துருவத்தில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, யாரும் பார்க்காத பக்கத்துக்குச் சாய்த்துக்கொள்ளலாம்.

என் நிலாவில் டைக்கோ மேற்கே 11 பாகையில் இருக்கிறது, கோப்பர்னிக்கஸ் பள்ளம் மேற்கே 20 பாகையில். சுழியத்திலிருந்து 30 பாகை வரை ஒரே கீற்றாக வைத்தால் இரண்டும் நடுவுக்குக் கிட்டத்தில் விழுகின்றன. இந்தத் தடவை வில் கணக்கில், நாரைப் பார்த்து, 70 பாகையில் தொப்பி வைத்து ஒட்டினேன். பன்னிரண்டாவது கீற்று முதல் கீற்றின்மேல் ஒரு மில்லிமீட்டர் ஏறி உட்கார்ந்தது. டைக்கோவிலிருந்து கிளம்புகிற வெள்ளைக் கதிர்களில் ஒன்று மட்டும், அடுத்த கீற்றுக்குத் தாண்டும் இடத்தில், ஒரு முடியளவு தள்ளிப் போயிருக்கிறது.